போர்ட்டிகோவிலிருந்து இரண்டாம் பேஸ்மென்ட் வரை

முதலில் இடுப்பு.
தலையை முதலில் நுழைப்பவர்களுக்கு
நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும்.
எனக்கு இரண்டு.
கதவை முழுக்கத் திறந்து, காருக்கு முதுகைக் காட்டி,
கீழே இருக்கை இருக்கிறது என்று நம்பி
விழ வேண்டும்.
அப்புறம் கழுத்து.
கால்கள் கடைசியில், ஒவ்வொன்றாக,
நனைந்த குடையைப் பைக்குள் திணிப்பது போல.

ஆறடி நான்கு அங்குலம்.
கிண்டி ஓட்டலில் வாலட் பார்க்கிங் வேலைக்குப் போய் நின்றபோது
ரெஜினால்டு சார் அண்ணாந்து பார்த்தார்:
"ஒட்டடை அடிக்க ஆள் கேட்டேன்னு யாருய்யா சொன்னது?"
சீருடை கொடுத்தார்கள்.
சட்டையின் கை மட்டும்
முழங்கைக்குக் கீழே வர மறுத்துவிட்டது.

இந்த உடம்புக்கு லாரிதான் சரி என்பார்கள்.
லாரியும் ஓட்டியிருக்கிறேன், மணலியில், எட்டு மாதம்.
அதில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து
முட்டி ஸ்டீயரிங்கில் மோதும்.
தரையை நக்கிக்கொண்டு போகிற இந்தக் கார்களில்தான்,
வேகத்தடையைப் பார்த்தாலே வயிறு கலங்குகிற கார்களில்தான்,
கால் நேராக நீளும்.
அதில் உட்காருவதில்லை, பாதி படுக்கிறோம்.
தண்டையார்பேட்டையில் என் கட்டில்கூட
அவ்வளவு நீளம் இல்லை.

சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளு.
கீழே இறக்கு.
சாய்மானம் இரண்டு விரல்.
ஸ்டீயரிங்கை மேலே தூக்கி நெஞ்சுப் பக்கம் இழு.
கண்ணாடிக் கூரை வைத்த வண்டி என்றால்
ஒன்றரை அங்குலம் போச்சு.
காசு கொடுத்து வானம் வாங்கியவர்கள்
என் தலைக்கு இடம் வைக்கவில்லை.

இத்தனையும் நாற்பது நொடி ஓட்டத்துக்கு.
நிறுத்தி இறங்கும்போது எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் செட்டியப்பன் சார் போர்ட்டிகோவில் நின்று கத்துவார்,
"என் சீட்ட எவன் தொட்டான்?"
அவர் ஐந்தடி இரண்டு.
அவருடைய ஆரஞ்சு வண்டியில் நான் எதையும் தொடுவதில்லை.
முட்டி இரண்டும் காதோடு ரகசியம் பேச
மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவேன்
இரண்டாம் பேஸ்மென்டுக்கு.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம்,
கத்திப்பாராவே தெரியாத மழை.
கரும்பச்சையில் இரண்டு பேர் வண்டி ஒன்று வந்து நின்றது.
ஒரு பெண் இறங்கினாள்.
எழுந்தாள்.
இன்னும் எழுந்தாள்.
காலில் தட்டைச் செருப்பு.
கண்ணுக்கு நேரே கண் இருந்தது.
இந்த வேலையில் நான் பார்ப்பதெல்லாம் உச்சந்தலைகள்.

சாவியை நீட்டி, "தலை இடிக்காது, போங்க" என்றாள்.

இடித்தால்தான் என்ன என்று விழுந்தேன்.
இடிக்கவில்லை.
கை பழக்கத்தில் சீட்டின் அடியில் பட்டனைத் தேடிப் போய்
வேலை இல்லாமல் திரும்பி வந்தது.
மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் தானாக விழுந்தது.
நடுக் கண்ணாடியில்
பின்னால் வருகிற சாலை ஏற்கெனவே இருந்தது,
யாரோ எனக்காகத் திருப்பி வைத்த மாதிரி.

கீழே பன்னிரண்டு இடம் காலி.
ஒன்றில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து,
அப்படியே இருந்தேன்.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றிருந்தது.
வாக்கி டாக்கி கரகரத்தது: "தணிகை, எங்கடா இருக்க?"
"இடம் தேடிட்டிருக்கேன் சார்."

பதினொன்றரைக்கு வண்டியை மேலே கொண்டுவந்தேன்.
"சரியா இருந்துச்சா?" என்றாள்.
தலையை ஆட்டினேன்.
ஐம்பது ரூபாய் கொடுத்தாள், அதில் விசேஷம் இல்லை.

ஏறும்போது கவனித்தேன்.
இடுப்பு, கழுத்து, அதுவரை என்னைப் போலத்தான்.
ஆனால் முட்டிகளைக் கையால் பிடித்து
கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி
ஒரே வீச்சில் உள்ளே வைத்தாள்.

இது எனக்குத் தோன்றவே இல்லை.
நாளைக்கு ஆரஞ்சு வண்டியில்
செய்து பார்க்க வேண்டும்.