விழுகிறவள்

ஆறாம் நாள் யாராவது விழவேண்டும் என்றார்கள்.
எடை குறைந்தவள் என்பதால் நான்.

அதற்குள் கொஞ்சம் தெரிந்திருந்தது:
கையுறையோடு எட்டு முடிச்சு,
சரிவில் மல்லாந்து விழுந்து புரண்டு
பனிக்கோடரியை நெஞ்சுக்கடியில் குத்தி நிற்பது,
பனி உருக்கும்போது பாத்திரத்தின் அடியில்
முதலில் ஒரு வாய் தண்ணீர் விடுவது.
இல்லாவிட்டால் பனியும் தீய்ந்துபோகும்.
பிஷ்கேக்கில் மருந்துக்கடையில் நிற்கிறவள் நான்.
பனி தீயும் என்று யார் சொல்வார் எனக்கு?

விளிம்பு தாண்டி இறக்கினார்கள்.
நீலம்.
அதற்கும் கீழே நீலமென்று சொல்லமுடியாத ஒன்று.
இடுப்புவார் தொடையை அறுத்தது.
எங்கோ ஒரு சொட்டு
எண்ணி எண்ணி விழுந்துகொண்டிருந்தது.

மேலே சண்டை.
இன்னும் பலமாக இழுங்கள் என்கிறான் எர்மெக்.
கயிறு பின்னியிருக்கிறது, நிறுத்து என்கிறாள் சைகல்.
அவள் சொன்னதுதான் சரி.
என் தலைக்கு மேலே, கப்பிக்குச் சற்று மேலே,
இரண்டு கயிறும் சடைபோட்டுக்கொண்டு நின்றன.
கத்தினேன்.
பனி என் குரலைத் தின்றுவிட்டது.

சொல்லித் தந்ததை ஞாபகம் வந்த வரிசையில் செய்தேன்.
பையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டேன்.
சட்டைமேல் சட்டை.
வாதுமை இரண்டு தின்றேன்,
மூன்றாவதை நழுவவிட்டேன்.
அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

காத்திருந்தேன்.
இதற்கு முடிச்சு கிடையாது.

நாற்பது நிமிடம்.
விளிம்பில் தலை தூக்கியபோது
எர்மெக் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
வெயில் கூசுகிறது என்றான்.
கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

சைகல் எதுவும் கேட்கவில்லை.
கயிற்றைப் பிரித்து, உதறி,
தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.
"இப்போது நான் இறங்குகிறேன்.
நீ இழு."