மூன்றாம் நபர்

குழாயடியில் சண்டை முற்றினால்
கடைசியாக அதைத்தான் எடுப்பார்கள்:
கோர்ட்டுல பொய் சொன்னவன் மகதானே நீ.
குடம் நிறையும்வரை நான் வாய் திறப்பதில்லை.
அப்பாவிடமும் கேட்டதில்லை.
போன ஆடிக்குப் பிறகு கேட்கவும் முடியாது.

ஒரு நாள் லீவு போட்டு
அணைக்கட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி
சத்துவாச்சாரியில் இறங்கினேன்.
வழக்கு எண் தெரியாது.
கஜபதி போட்ட கேஸ், எத்திராஜ் மேல்,
ஒரு கிணற்றுக்காக.
நான் மூன்றாவது படிக்கையில்
அப்பா வெள்ளைச் சட்டை இரவல் வாங்கிப்
போய்வந்த வருஷம்.
இவ்வளவுதான் என் கையில்.

கம்ப்யூட்டர் பையன் தட்டிப் பார்த்துவிட்டு
இவ்ளோ பழசு ஏத்தலீங்க என்றான்.
ஆவண அறையில் தனகோட்டி
முதுகு பிரிந்த பதிவேட்டை
நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார்.
அண்ணன் எதிர் தம்பி.
கோயில் எதிர் பூசாரி.
ஒரு பெண் எதிர் அவள் புருஷன், மாமியார் மற்றும் இருவர்.
தும்மினேன். அவர் தும்மவில்லை.
மூன்றேகாலுக்கு விரல் நின்றது:
அசல் வழக்கு எண் 214.

நீங்க கேஸ்ல கட்சி இல்ல, மூன்றாம் நபர்,
மனுவோட உறுதிமொழியும் வேணும் என்றார்கள்.
நகல் எதற்குத் தேவை என்று ஓர் இடம்.
குழாயடி என்றா எழுதுவது?
வக்கீல் குமாஸ்தா என் பேனாவை வாங்கி
‘சொத்து வாங்கும் பொருட்டுப் பரிசீலிக்க’
என்று எழுதித் திருப்பித் தந்தார்.
எல்லாரும் இதத்தாம்மா எழுதுவாங்க.
வில்லை ஒட்டி,
மேற்கண்டவை யாவும் உண்மையென
இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து மறுபடி இரண்டு பஸ்.
சாட்சி சொன்னது கிடைக்காது,
கெடு முடிஞ்சு அழிச்சாச்சு என்றார் தனகோட்டி,
தீர்ப்பு மட்டும்தான் இருந்துச்சு.
பதினோரு பக்கம்.
படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஏழாம் பக்கத்தில் அப்பா.

‘வா.சா.2 பிச்சாண்டி என்பவர்
குறுக்கு விசாரணையில்
வேப்பமரம் கிணற்றுக்கு எத்திசையில் உள்ளதெனக்
கூற இயலாதிருந்த நிலையில்
மேற்படி சாட்சி தாவாச் சொத்தைப் பார்த்தவரே அல்ல
என இம்மன்றம் கருதுகிறது.’

சிரிப்பு வந்தது, அந்த இடத்தில்,
கறுப்புக் கோட்டுகள் தாண்டிப் போகையில்.
அப்பாவுக்குக் கிழக்கு மேற்கு கிடையாது.
ஜவ்வாது தெரிவது மலைப்பக்கம்.
பாலாறு கிடப்பது ஆத்துப்பக்கம்.
மிச்சம் இரண்டும்
ஆரணிப் பக்கம், பேரணாம்பட்டுப் பக்கம்.
பாயை மலைப்பக்கமா தலை வெச்சுப் போடு என்பார்.
கூண்டிலும் அதையே சொல்லியிருப்பார்,
மலைப்பக்கம்ங்க ஐயா.
எதிர்க்கட்சி வக்கீல் திரும்பி
மன்றத்தைப் பார்த்திருப்பார்.

இல்லை, அப்படியும் இல்லாமலிருக்கலாம்.
அந்த வருஷம் கஜபதி வீட்டிலிருந்து
இரண்டு மூட்டை நெல் இறங்கியது
எனக்கு ஞாபகம் இருக்கிறது.
மூட்டைமேல் ஏறிக் குதித்ததும்.
மரத்தை வெட்டிவிட்டார்கள்.
கிணற்றில் இடிபாடு கொட்டி
மேலே செல்போன் கோபுரம் நிற்கிறது.
எந்தப் பக்கம் என்று போய்ப் பார்க்கவும் வழியில்லை.

நகலின் முதுகில் வரிசையாகத் தேதிகள்:
மனு போட்டது, வில்லை கேட்டது, கட்டியது,
தயாரானது, பெற்றது.
என் பெயருக்கு நேரே, மூன்றாம் நபர்.
எங்கள் வீட்டில் கோர்ட்டுக்குச் சொன்ன பொய்களில்
ஒன்றாவது இப்போது சந்தேகமில்லாமல் தெரியும்.
உறுதிமொழிகளை எத்தனை வருஷத்தில்
அழிப்பீர்கள் என்று கேட்கத்
திரும்ப மாடி ஏறினேன்.

தனகோட்டி சாப்பிடப் போயிருந்தார்.