கைத்தராசு

கடை வாசலில் டெல்பர்ட் எழுதி மாட்டியிருக்கிறார்:
தராசு கொண்டு வரக்கூடாது.
சிவப்பு மை, அடிக்கோடு இரண்டு.
ஓரின் ஹால்வர்சன் வியாழன்தோறும் அதை நின்று படிப்பார்,
தொப்பியிலிருந்து பனியைத் தட்டுவார்,
உள்ளே வந்து
வெறுங்கையை நீட்டுவார்.

துலூத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம்
கோதுமைக்கு எடை சொன்ன கை.
ரயில் பெட்டியில் வந்ததற்கும்
கப்பலில் போனதற்கும் நடுவே
இவர் வாய்ச்சொல்தான் கணக்கு.
இப்போது அந்தக் கையில்
ஐந்து டாலர் பேஸ்பால் பாக்கெட்,
எட்டு அட்டை, மினுங்கும் உறை.

ஆட்டக்காரன் போட்டு வியர்த்த சட்டையை
நகத்தளவு வெட்டி
ஏதோ ஓர் அட்டைக்குள் பதித்துவிடுகிறார்கள்.
அந்த அட்டை தடிமன்.
அது கிடக்கும் பாக்கெட்
மற்றதைவிட ஒரு குன்றிமணி கூடுதல்.
பெட்டிக்கு ஒன்று, அதிசயமாய் இரண்டு.
ஓரின் தலையைச் சாய்த்துக்கொள்வார்,
எடையைக் காதால் கேட்பவர் போல.
எடுப்பார். வைப்பார். எடுப்பார்.
"இது."

கல்லாவில் நான்தான் இருப்பேன்.
நாலு மணிக்குப் பள்ளிப் பேருந்து இறக்கிவிடும் பிள்ளைகளுக்கு
மிஞ்சுவது சக்கை என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
டெல்பர்ட்டிடம் சொன்னேன்.
"கையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று
எப்படி மாரென் எழுதி மாட்டுவது?" என்றார்.

பிப்ரவரியில் புதுப் பெட்டி வந்தது.
ஓரின் மூன்று பாக்கெட் தேர்ந்தார்.
அவர் கிழிக்க மாட்டார். கட்டைவிரல் நகத்தை
ஒட்டின விளிம்போடு ஓட்டுவார்,
கடிதம் பிரிப்பதுபோல.
ஏழு முகங்கள் வந்தன.
எட்டாவது சாம்பல் நிறம், நல்ல தடிமன்,
முகமில்லை, எண்ணில்லை,
பின்புறம் பிறந்த ஊர் இல்லை.
இரண்டாவது பாக்கெட்டிலும் ஒரு சாம்பல்.
மூன்றாவதிலும்.
எடை பார்ப்பவர்களை ஏமாற்றவே
கம்பெனி போட்ட வெற்றட்டை.

திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.
எடை அவரிடம் பொய் சொன்னது
அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அப்போது வெண்டல் லாபியர் வந்தான்,
ஒன்பது வயது, மூக்கு ஒழுக.
அவர் மூன்று முறை தூக்கி
மூன்று முறையும் கீழே வைத்த பாக்கெட்
மேலாகக் கிடந்தது. எடுத்துப் பல்லால் கிழித்தான்.
நடுவில் ஓர் அட்டை: ரேமுண்டோ சால்செடோ, இரண்டாம் பேஸ்.
மேலே நிஜப் பேனாவின் கையெழுத்து, நீலம்,
கடைசி எழுத்து இடம் போதாமல்
ஓரத்தில் விழுந்துவிட்டிருந்தது.

ஓரின் கையை நீட்டினார்.
பையன் யோசித்துத்தான் கொடுத்தான்.
உள்ளங்கை ஏறியது, இறங்கியது.
"மைக்கு ஒன்றுமே இல்லையா?" என்றார்,
எங்களைப் பார்த்து இல்லை.
என்ன சொல்ல?
வரியோடு ஐந்து டாலர் நாற்பத்தெட்டு சென்ட், வெண்டல், என்றேன்.

சால்செடோ மே மாதமே கீழ்மட்ட அணிக்குப் போனான்.
ஆகஸ்டில் முழங்கால் போயிற்று.
அந்த அட்டை இன்று மூன்று டாலர், கேட்பார் இருந்தால்.
வெண்டல் அதை ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் டேப்புக்கு
மாற்றிக்கொண்டதாகக் கேள்வி.
வெற்றட்டைகளில் ஒன்று கல்லா ஆடாமல் இருக்க
அடியில் மடக்கி வைத்திருக்கிறேன்.
மற்ற இரண்டை ஓரின் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கோ.

இன்னும் வருகிறார். கைகள் கோட்டுப் பைக்குள்.
"நீயே எடு."
எதையோ எடுப்பேன்.
கையில் வாங்க மாட்டார். கை உடனே சொல்லிவிடும்,
சொன்னால் கேட்காமல் இருக்க முடியாது.
கண்ணாடி மேடைமேல் வைக்கச் சொல்வார்.
ஒற்றை விரலால் ஒரு முனையை அழுத்தி,
தூக்காமலே, குனிந்து,
விளிம்போடு நகத்தை ஓட்டுகிறார்.
அட்டைகள் ஒவ்வொன்றாய் வழுக்கி வருகின்றன.
அவர் மூச்சில் கண்ணாடி மங்கி
கீழே பூட்டி வைத்த விலை உயர்ந்த முகங்கள்
கொஞ்ச நேரம் தெரிவதில்லை.