நான்கு டிகிரியில் கேட்டது

வோரு மருத்துவமனையிலிருந்து
ஹெல்வே என்றொரு செவிலி அழைத்தார்.
"குப்பிக்குள் ஏதோ மிதக்கிறது.
பஞ்சிழை மாதிரி. ஊசியில் ஏற்றவில்லை."
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

தார்த்துவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
உறைந்த எமயோகி ஆற்றின்மேல்
யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

உர்மாஸின் ஏட்டைப் பிரித்தேன்.
டிரிஸ் தாங்கல். பி.எச். ஏழு புள்ளி நான்கு.
இருபத்தைந்து டிகிரி. கையெழுத்து.
அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம்;
மடிப்பில் மட்டும் கறுப்பு ரொட்டித் துணுக்கு.

நானும் போட்டுப் பார்த்தேன்:
ஏழு புள்ளி நான்கில் எட்டு புள்ளி பூஜ்யம் ஆறு போக
மைனஸ் பூஜ்யம் புள்ளி ஆறு ஆறு.
பத்தின் அடுக்கில் ஏற்றினால்
நூறு அமிலத்துக்கு இருபத்திரண்டு காரம்.
எடைச்சீட்டும் அதையே சொன்னது.

சனிக்கிழமை, மேல்கோட்டோடு,
மீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு
குளிரறைக்குள் போனேன்.
சரிபார்க்கும் கரைசல்கள்
முந்தைய இரவே அங்கு வந்து குளிர்ந்திருந்தன.
மின்முனையை இறக்கினேன்.
எண்கள் தயங்கின, ஏறின,
ஏழு புள்ளி ஒன்பது ஒன்பதில் உட்கார்ந்தன.

குப்பிக்குள் யாரும் நுழையவில்லை.
யாரும் வெளியேறவுமில்லை.
அதே நூறு, அதே இருபத்திரண்டு.
எட்டு புள்ளி பூஜ்யம் ஆறு என்று
நாங்கள் ஆணியடித்து வைத்திருந்த எண்தான்
டிகிரிக்கு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு எட்டாக
ஆணியோடு நகர்ந்திருந்தது.

கொஞ்சம் அமிலம் ஊற்று, கொஞ்சம் காரம் ஊற்று,
அசையமாட்டேன் என்றதை நம்பித்தானே வாங்கினோம்.
குளிரைப் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை.
அதுவும் தானாகச் சொல்கிற ரகமில்லை.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
தபால்தலை அளவு.
'மனிதப் பிழை' அதில் கச்சிதமாகப் பொருந்தும்.
எழுதவில்லை.
வெதுவெதுப்பில் அளந்தோம், குளிரில் வைத்தோம் என்று
கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரம்வரை போனேன்.

அடுத்த தொகுதிக்கு பாஸ்பேட்.
ஏழு புள்ளி இரண்டுக்காரர்,
குளிருக்கு லேசில் அசையாதவர்.
அமிலம் ஒன்றுக்குக் காரம் ஒன்றரை, இன்னும் ஒரு சிட்டிகை.
ஆனால் உறையவிட்டால் அவர் கதையே வேறு;
அதை இம்முறை முதல் வரியாகவே எழுதினார் உர்மாஸ்,
சிவப்பு மையில்.

குப்பிகளை எண்ணி அழித்தோம்: அறுநூற்றுப் பத்து.
கணக்குப்படி அறுநூற்றுப் பதினொன்று.

மிச்சம் ஒன்று வோருவில்.
ஜன்னலோரம் ஹெல்வே
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாரே, அது.
மடக்கை எதுவும் போடாமல்,
கண்ணை இடுக்கி,
அரை நிமிடம்.