ஒரு பக்கத்து வெளிச்சம்

வெள்ளிக்கிழமை ரயிலில்
சிங்கப்பூரிலிருந்து சுருளாக வரும்.
பகாவ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி
பிரிக்காமலே சொல்லிவிடுவேன்
உள்ளே என்ன படமென்று.
விளிம்பில் நீலமும் ரோசாவும் கசிந்தால் சாமி.
கறுப்பு என்றால் கொலை.

மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசை,
எறும்புக்குக் கொஞ்சம் மயில்துத்தம்.
ஆறு தாள் சேர்ந்தால் ஒரு சுவர்.
கறுப்புத் தாளைத்தான் முதலில் ஒட்டுவேன்.
மீதியெல்லாம் அதற்குள்ளிருந்து
தயங்கித் தயங்கி வெளியே வரும்:
ஒரு தொப்பியின் விளிம்பு,
அதன் கீழே கண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
ஒரு பெண்ணின் உதடு.
தாள் முழுக்க அந்த ஒரே சிவப்பு.
அச்சுக்காரன் கஞ்சன் இல்லை, கெட்டிக்காரன்.
மூலையில் தெருவிளக்கு ஒன்று மஞ்சளாய்.
எங்கள் தெருவில் விளக்கே கிடையாது,
ஆனாலும் அதன் கீழ் நிற்பவன்
நல்லதற்குக் காத்திருக்கவில்லை என்று
எல்லோருக்கும் தெரிந்தது.

சாமிப் படத்தில் எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள்.
மூக்குக்குக்கூட நிழல் கிடையாது.
இதிலோ யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
எழுத்துகூட நேராக நிற்காது,
பால்மரத்தில் போடும் வெட்டைப்போல
இடமிருந்து வலமாய்ச் சரியும்.
இங்கிலீஷ் தெரியாத நல்லபெருமாள் சொன்னான்:
"என்னமோ வடியப்போவுது இதுல."

முகத்தில் பட்டை பட்டையாய் விழும் நிழல்
சன்னல் மறைப்பினுடையது என்றான்
டிக்கட் கிழிக்கும் லிம்.
லயத்துச் சன்னலில் சாக்குதான் தொங்கும்.
பட்டை வைத்த சன்னல் பங்களாவில் மட்டும்,
தொப்பியும் துரைக்கு மட்டும்.
ஆகவே ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்தார்கள்
துரை யாரைக் கொன்றான் என்று பார்க்க.

பாதி முகம் இருட்டு அவர்களுக்குப் புதிதில்லை.
நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போய்,
பக்கத்து நிரைக்காரியின்
ஒரு கன்னத்தை மட்டுமே பார்த்து
பத்து வருஷம் பேசியவர்கள்.

அந்த வருஷம் முள்கம்பியும் ஊரடங்கும் வந்தன.
இன்ஸ்பெக்டர் ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.
பசை உன்னுடையது, சுவர் சர்க்காருடையது என்றார்.
பிரித்தேன். சடையாண்டி.
சங்கத்தில் கணக்கு எழுதியவன்,
இடைவேளையில் எனக்குக் கச்சான் வாங்கித் தந்தவன்.
பிடித்துக் கொடுத்தால்
இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது:
நேர்ப் பார்வை, படிய வாரிய தலை,
நாலு பக்கமும் வெளிச்சம்.
என் தொழில் கணக்குப்படி
சாமிப் படம்.

கொலைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
வேறு சுவர் இல்லை.
வாளியை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் நின்றார்கள்.
தொப்பிக்காரனைப் பார்த்தார்கள்,
சடையாண்டியைப் பார்த்தார்கள்.
சிவபாக்கியம் செருப்பைக் கழற்றினாள்.
கல் குத்தியதோ என்னவோ.

இன்ஸ்பெக்டருக்கும் கண் உண்டு.
"இவனையும் அவனைப்போல ஆக்கு" என்றார்.
விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து
மூக்கிலிருந்து காதுவரை இழுத்தேன்.
நெற்றியில் சாய்வாக ஒரு கோடு,
இல்லாத தொப்பிக்கு நிழல்.
கை நடுங்கவில்லை. நன்றாகவே வந்தது.
அதுதான் உறுத்துகிறது இன்றைக்கும்.
பள்ளிவிட்டு வந்த பையன்கள்
பெயரை எழுத்துக்கூட்டும் முன்பே சொன்னார்கள்,
கொலைகாரன்.

மறுநாள் காலை
ஊரடங்கு எடுத்ததும் சைக்கிளில் போனேன்.
கரி அப்படியே இருந்தது.
அடியில் மட்டும், ஈரம் காயாமல்,
கோணாமல், அளவெடுத்து வைத்ததுபோல்
கொட்டகையின் துண்டுச் சீட்டு:
விரைவில்.

இந்த வாரம் எத்தனை சீட்டு வந்தது,
மிச்சம் எத்தனை என்று கேட்டார்கள்.
வந்தது பன்னிரண்டு.
அவர்கள் எதிரிலேயே எண்ணினேன், பசை விரலால்.
பதினொன்று.

பன்னிரண்டு, என்றேன்.