தொப்பூர் இறக்கத்தில் எபிசோட் 1143

இரவு ஒன்பது நாற்பது.
தருமபுரியில் ஏறிய சேலம் பஸ்
தொப்பூர் இறக்கத்தில் நின்றுவிட்டது.
எனக்கு ரயில் பதினொன்றரைக்கு.
போனில் உதவி இயக்குநர் பிரசன்னா:
"மாலினிய முடிச்சிடுங்க சார்.
சம்பளம் ஏத்திக் கேக்குது.
காலைல ஏழு மணிக்கு ஷூட்டிங்."

இருபத்திரண்டு வருடத்தில்
நான் கொன்றவர்கள் நாற்பத்தொரு பேர்.
ஒருத்தரிடம் கால்ஷீட் இல்லை,
ஒருத்தர் கட்சியில் சேர்ந்துவிட்டார்.
ஆஸ்பத்திரி செட்டின் செலவைச் சரிக்கட்ட
ஒரே வாரத்தில் மூன்று பேரைப் படுக்கவைத்தேன்.
படங்கள் ஏழு. இரண்டில்தான் பெயர் வந்தது,
அதிலும் ஒன்றில் மாதேசன் மகேசனாகியிருந்தான்.
விருது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது,
கரண்ட் பில் செருகிவைக்க வாகாக.

"வழக்கம்போல லாரில விட்டுடலாமா சார்?"

இறங்கி நடந்தேன்.
வளைவில் நாமக்கல் லாரியொன்று
பக்கவாட்டில் படுத்திருந்தது.
சாலை முழுக்க நாசிக் வெங்காயம்.
துண்டில், சேலை மடியில், ஹெல்மெட்டில்
அள்ளிக்கொண்டிருந்தார்கள்,
என் பக்கத்து சீட்டுக்காரரும்.
தடுப்புச் சுவரில் ஓட்டுநர்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
கேட்டவர்க்கெல்லாம் ஒன்றையே சொன்னார்:
"பிரேக் புடிக்கல."
போலீஸ்காரரிடம்.
தண்ணீர் நீட்டிய பெண்ணிடம்.
பிறகு யாரும் கேட்காதபோதும்.

நானாக இருந்தால்
ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பேன்,
மகளின் கல்யாணக் கடன் உட்பட.

பிரசன்னாவைக் கூப்பிட்டேன். எழுதிக்கோ.
காட்சி நான்கு. பகல். வீட்டு வாசல்.
மாலினிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது.
பையை எடுக்கிறாள்.
"சாவி ஜன்னல்ல இருக்கு" என்கிறாள்.
பஸ் ஏறுகிறாள். அவ்வளவுதான்.

"அழுகை எங்க சார்?"

சாலையைப் பார்த்தேன்.
சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரயிலும் போய்விட்டது.
வியாழக்கிழமை ஒளிபரப்பில்
மாலினியின் படத்துக்கு மாலை. லாரிதான்.
வேறு யாரோ எழுதிய ஒப்பாரிக்குக் கீழே
நான்கு விநாடி என் பெயர்,
இம்முறை எழுத்துப் பிழையில்லாமல்.
அந்த நடிகை போன் செய்தாள்:
"போட்டோவா நடிச்சதுக்கு
ஒரு நாள் பேட்டா குடுத்தாங்க சார்."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சட்டையைத் துவைக்கப் போடும்போது
பையில் ஒரு வெங்காயம்.
எப்போது குனிந்தேன்?