குரல் அறுந்தால்

முஸஃபாவில் மூன்றாம் தளத்தில்
என் வேலை சொல்வது.
தூக்கு. இறக்கு. கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். நில்.
எண்பது மீட்டர் மேலே கண்ணாடிக் கூண்டில் ஜர்னைல் சிங்.
சுவருக்கு அப்பால் இறங்கும் சரக்கு அவனுக்குத் தெரியாது.
காதில் நான் விழுந்துகொண்டே இருக்கவேண்டும்.
குரல் அறுந்தால் கொக்கி நிற்கும்:
இந்தியில் உருதில் வங்காளத்தில்
பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்.
தமிழில் இல்லை.

பிப்ரவரியில் கம்மியது.
தூசி என்றேன் நான்.
சிகரெட் என்றார் மேல்கட்டில் மொய்தீன் பிச்சை.
மிளகு, கல்கண்டு, கொதிநீரில் உப்பு.
ஜூனில் ஒருநாள் வயர்லெஸ்ஸில் ஜர்னைல் கேட்டான்:
யார் பேசறது?

டாக்டர் நெர்மீன் காகிதத்தில் ஒரு குழாய் வரைந்தார்.
அதில் ஒரு புள்ளி வைத்தார்.
புள்ளியைப் பெரிதாக்கினார்.
இன்னும் பெரிதாக்கினார்.
ஷைனி சிஸ்டர் மலையாளத்தை வளைத்துத் தமிழாக்கினாள்.

குரல்பெட்டியை எடுத்துவிடலாம்.
கழுத்தில் துளை, இனி மூச்சு அது வழி.
இல்லையென்றால் கத்தி வேண்டாம்,
ஏழு வாரம் கதிர், வாரத்துக்கு ஐந்து நாள்,
நடுவில் மூன்று தடவை நரம்பில் மருந்து.
பெட்டி தங்கலாம்.
தங்கியும் விழுங்க மறந்த தொண்டையாகலாம்.
கட்டி திரும்பி வந்தால் அப்போதும் கத்திதான்,
வெந்த சதையில்.

எது பிழைக்க வைக்கும் என்றேன்.
டாக்டர் இரண்டு உள்ளங்கைகளையும்
ஒரே உயரத்தில் பிடித்துக் காட்டினார்.
எங்கள் தொழிலில் அப்படியொரு சைகை கிடையாது.

துளை வைத்தால் வேறென்ன போகும்?
ஷைனி விரல் மடக்கினாள்.
வாசனை. கடல் குளியல். விசில்.
சூடான எதையும் ஊதி ஆற்றுவது.
குறட்டை?
அதுவும் போகும், சேட்டா.
மொய்தீன் பிச்சைக்காவது ஒரு நல்ல செய்தி.

கம்பெனிக் கணக்கர் வேறு படம் வரைந்தார்.
இன்சூரன்ஸ் அக்டோபர் வரை. விசா நவம்பர்.
முப்பத்தைந்து நாள் லீவுக்கு யார் கையெழுத்துப் போடுவது?
திறந்த கழுத்தோடு சிமெண்ட் தூசிக்குள் யார் விடுவது?
எப்படிக் கூட்டினாலும் வேலை இல்லை.
அது தெரிந்ததும், ஏனோ, தோள் லேசானது.

வியாழன் இரவு சாத்தான்குளத்துக்குப் போன் போட்டேன்.
எல்லாவற்றையும் சொன்னேன், குரல் வந்தவரை.
கதிரே வைத்துக்கொள்கிறேன் ஜெபக்கனி,
உன்னோடு பேச ஒரு தொண்டை வேண்டாமா.

நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
பழக்கதோஷம்:
எங்கோ ஒரு கொக்கி நின்றுவிட்டதென்று அண்ணாந்து பார்த்தேன்.
கட்டிலின் அடிப்பலகை.

பதினாறு வருசமா குரலாத்தானே வந்துட்டுப் போறீங்க,
என்றாள்.
அத அங்கேயே வச்சுக்கிட்டு
ஆள அனுப்பச் சொல்லுங்க.

இரண்டு வழியிலும் ஆள் போய்ச் சேரலாம்.
சேராமலும் போகலாம்.
அந்த உள்ளங்கைகளை அவளுக்கு நான் காட்டவில்லை.
அவள் சொன்னது வைத்தியமும் இல்லை.
இருந்தும் ஒரு கை
சற்றே தாழ்ந்தது.

ஞாயிறு கையெழுத்திட்டேன்.
திங்கள் சாயங்காலம் தளத்துக்குப் போய்
பூட்ஸ், தொப்பி, வயர்லெஸ் ஒப்படைத்தேன்.
விசிலை யாரும் கேட்கவில்லை.
ஜர்னைல் அத்தனை ஏணியும் இறங்கி வந்தான்.
தாடியில் இவ்வளவு வெள்ளை இருக்குமென்று
அவன் குரலில் தெரிந்ததே இல்லை.
ஒன்றும் பேசாமல் கையை நீட்டி
சுட்டுவிரலைத் தரைக்குக் காட்டி
சின்னதாக வட்டம் போட்டான்.
இறக்கு. பதமாக.
ஆறு வருசம் நான் அவனுக்குக் காட்டியது.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் ஒரு கரக் டீ வாங்கினேன்.
ஏலக்காய் மூக்கைவிட்டுப் போகும்வரை
குடிக்காமல் வைத்திருந்தேன்.
ஆறிவிட்டது.
என்றாலும் ஊதினேன்.
ஏடு சுருங்கி
ஒரு பக்கமாய் ஒதுங்கியது.